மைனாவின் அறிவியல் பெயருக்குள் ஒரு வெட்டுக்கிளி

மொரிசியஸ் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் மார்த்தேன் என்று சொல்வது நம் மைனாவைத்தான். அறிவியல் பெயர் அக்ரிடோதீரஸ் டிரிஸ்டிஸ். இதில் முதற்சொல் பேரினப் பெயர், அதாவது நெருங்கிய உறவுள்ள பறவைகளின் தொகுதிக்கான பெயர். அடுத்தது அத்தொகுதிக்குள் ஒரு வகையைக் குறிக்கும் சிற்றினப் பெயர்.

அக்ரிடோதீரஸ் கிரேக்கச் சொற்கூட்டு: வெட்டுக்கிளி வேட்டையாடி என்று பொருள். பிரெஞ்சுப் பறவையியலாளர் வியேயோ 1816-இல் சூட்டியது. 18-ஆம் நூற்றாண்டில் இப்பறவையை மொரிசியஸ் அடங்கிய மஸ்கரீன் தீவுகளுக்கு இறக்கியதும் பயிரைத் தின்ற வெட்டுக்கிளிகளை ஒழிக்கத்தான். டிரிஸ்டிஸ் லத்தீன். துயரமான என்ற பொருளோடு, மங்கிய நிறமுள்ள என்ற பொருளும் அதற்கு உண்டு. அகராதியில் முதல் பொருளை மட்டும் பார்த்துவிட்டு 'சோக மைனா' என்று எழுதினால் பெயர் கெட்டுவிடும். இங்கே பொருந்துவது நிறம்தான். தமிழில் மைனா இருக்கிறது, பழஞ்சொல்லாக நாகணவாய்ப்புள் இருக்கிறது. மூன்றாவதாக ஒன்றைப் புனைய வேண்டாம்.

டோடோவின் பெயர் ராஃபஸ் குகுலேட்டஸ். ஆப்பிரிக்காவிலிருந்து மொரிசியஸுக்கு வந்து கூடு பின்னும் மஞ்சள் குருவியோ ப்ளோசியஸ் குகுலேட்டஸ். ஒன்று அழிந்துபோன பறக்காத பறவை, மற்றது கைக்குள் அடங்கும் குருவி. இரண்டுக்கும் சிற்றினச் சொல் ஒன்றே. லத்தீனில் குகுலஸ் என்பது தலையோடு சேர்த்துப் போடும் முக்காடு. டோடோவுக்கு முகம் வெறுமையாகவும் அதன் பின்னால் இறகு முக்காடு போட்டதுபோலவும் இருந்தது. குருவியில் ஆணுக்குத் தலை கருப்பு. அதுவும் மேற்கு ஆப்பிரிக்க வகைக்குத்தான் முழுத்தலையும் கருப்பு. தென்னாப்பிரிக்க வகைக்கு முகம் மட்டும் கருத்து, உச்சி மஞ்சளாக இருக்கும். ஆகவே சிற்றினச் சொல்லைத் தனியாக எடுத்து எழுதக் கூடாது, பேரினச் சொல் கூடவே வர வேண்டும். ப்ளோசியஸ் என்றால் பின்னுபவர். நம் தூக்கணாங்குருவியும் அதே பேரினம், எனவே இதை ஆப்பிரிக்கத் தூக்கணாங்குருவி என்பது தகும்.

டோடோவுக்கு சுவீடன் இயற்கை அறிஞர் லின்னேயஸ் 1758-இல் கொடுத்த பெயர் ஸ்ட்ரூத்தியோ குகுலேட்டஸ், அதாவது தீக்கோழிப் பேரினத்தில் வைத்தார். 1766-இல் டைடஸ் இனெப்டஸ் என்று மாற்றினார். இனெப்டஸ் என்றால் திறனற்றது. முந்திய பெயருக்கே உரிமை என்ற விதியால் குகுலேட்டஸ் நிலைத்தது. அறிவியல் பெயருக்குப் பின்னால் அதைச் சூட்டியவர் பெயரும் ஆண்டும் எழுதுவது வழக்கம். பின்னர் பேரினம் மாறியதால்தான் இங்கே லின்னேயஸ் 1758 என்பதை அடைப்புக்குறிக்குள் எழுதுகிறார்கள். பேரினம் மாறாத பெயருக்கு அடைப்புக்குறி வராது. பழைய நூல்களிலிருந்து எடுத்து எழுதுவோர் இந்த அடைப்பை அலங்காரம் என்று நினைத்து நீக்கிவிடுகிறார்கள். நீக்கினால் ஒரு தகவல் போய்விடும்.

பேரினம் மாறினால் விகுதியும் மாறலாம். ஜெர்மன் இயற்கை அறிஞர் க்மெலின் 1789-இல் மோட்டாசில்லா மொரிசியானா என்று பெயரிட்ட சாம்பல் குருவி இன்று சோஸ்டராப்ஸ் மொரிசியானஸ். மோட்டாசில்லா பெண்பால், சோஸ்டராப்ஸ் ஆண்பால். சிற்றினப் பெயரடை பேரினத்தின் பாலைப் பின்பற்ற வேண்டும். எழுத்துப்பிழை என்று எண்ணித் திருத்திவிடாதீர்கள்.

இதே பேரினத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. சோஸ்டராப்ஸ் என்றால் கச்சையணிந்த கண். கண்ணைச் சுற்றிய வெள்ளை வளையத்தைக் கருதிய பெயர். தமிழில் வெள்ளைக்கண்ணி என்கிறோம். ஆனால் மொரிசியஸின் சாம்பல் குருவிக்கு அந்த வளையம் கிடையாது. வளையத்தைத் தேடி அடையாளம் காணப் புறப்பட்டால் கண்முன் இருக்கும் பறவையைத் தவறவிடுவோம். பேரினப் பெயர் அப்பேரினம் முழுவதுக்கும் பொது, ஒவ்வோர் உறுப்பினருக்கும் உத்தரவாதம் அல்ல.

செம்மீசைச் சின்னானின் கிரியோல் பெயர் கோந்தே. தமிழ்க் காதுக்கு உடனே கொண்டை என்று கேட்கும், பறவைக்கும் கொண்டை உண்டு. இருந்தாலும் ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்துச் சொற்பிறப்பு எழுதக் கூடாது. அறிவியல் பெயர் பிக்னோநோட்டஸ் ஜோகோசஸ்: முதுகில் அடர்ந்த இறகு, களிப்பு மிக்கது. 1892-இல் தீவுக்கு வந்த இது இன்று காட்டில் களைச்செடி விதைகளைப் பரப்புகிறது.

இளஞ்சிவப்புப் புறாவின் பேரினமான நீசோயினஸ், கிரேக்கத்தில் தீவு, புறா என்ற இரண்டின் சேர்க்கை. தீவுப்புறா என்றே நேராகத் தமிழாக்கலாம். மொரிசியஸின் செந்தலைக் குருவியான ஃபௌடியா ருப்ராவில் முதற்சொல் கிரேக்கமும் இல்லை, லத்தீனும் இல்லை. மடகாஸ்கரின் மலகாசி மொழியிலுள்ள 'ஃபோடி'. அதை மொழிபெயர்க்காமல் செந்தலை ஃபோடி என்று வைத்துக்கொள்வதே நல்லது.