புரட்டாசித் தலைவலியும் ரோஜா நிறக் கண்ணாடியும்

தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் எங்கள் மாமாவுக்கு வருவது புரட்டாசித் தலைவலி. வீட்டில் வைத்த பெயர் அது. வருடத்தில் பத்து மாதம் எட்டிப் பார்க்காது. புரட்டாசி பிறந்து, கறிச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்து ஒரு வாரம் ஆகியிருக்கும். ராத்திரி ஒன்றரை மணிக்கு வலது கண்ணுக்குப் பின்னால் சூட்டுக்கோலை வைத்து அழுத்துகிற மாதிரி ஆரம்பிக்கும். அந்தப் பக்கக் கண் மட்டும் சிவந்து நீர் கொட்டும், அந்தப் பக்க மூக்கு மட்டும் அடைக்கும், இமை தொங்கும். மனிதர் படுக்க மாட்டார். வாசலுக்கும் பின்கட்டுக்கும் நடப்பார், சுவரில் நெற்றியை முட்டுவார். முக்கால் மணி நேரத்தில் சொல்லிவைத்தாற்போல் நின்றுவிடும். மறுநாள் அதே ஒன்றரை மணிக்குத் திரும்ப வரும்.

விரதத்தில் வயிறு காய்ந்து வருகிறது என்பது அத்தையின் கட்சி. சைனஸ் என்று ஒரு வருடம் மருந்து சாப்பிட்டார். கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியும் பார்த்தாயிற்று. பல் போனது, வலி போகவில்லை. இது கிளஸ்டர் தலைவலி என்று தெரிய ஆறு புரட்டாசி ஆனது. ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் இந்த நோய்க்குப் பல்லும் சைனஸும் பழி சுமப்பது உலகம் முழுக்க நடக்கிற கதைதான்.

கிளஸ்டர் என்றால் கொத்து. ஒரு தடவை வலித்தால் 15 நிமிடத்திலிருந்து 3 மணி நேரம் வரை நீடிக்கும். இரண்டு நாளைக்கு ஒன்று என்றும் வரலாம், ஒரே நாளில் எட்டும் வரலாம். வாரக்கணக்கில் இப்படிக் கொத்தாக வந்துவிட்டு, அப்புறம் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் காணாமல் போய்விடும். மைக்ரேன் என்கிற ஒற்றைத் தலைவலி வந்தவர் இருட்டறையில் அசையாமல் படுத்திருப்பார். கிளஸ்டர்காரரால் உட்காரக்கூட முடியாது. டாக்டர்கள் இந்த இரண்டையும் பிரித்தறிய முதலில் பார்ப்பது இதைத்தான்.

மாமா சாட்ஸ்வொர்த்திலேயே இருக்கும் பங்களாதேஷ் மார்க்கெட்டில் காய்கறிக் கடை போட்டிருக்கிறார். அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள்: மருந்தே வேண்டாம், ரோஜா நிறத்தில் ஒரு கண்ணாடி இருக்கிறது, போட்டால் தலைவலி வராது என்று. மாத்திரை என்றாலே முகம் சுளிக்கிற மனிதர். "நிசமா மாப்ளே?" என்று என்னைக் கேட்டார். ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை.

முதலில், கண் இங்கே குற்றவாளி கிடையாது, அடி வாங்குகிற ஆள். முகத்தின் வலியை மூளைக்குச் சொல்வது முப்பிரிவு நரம்பு. அது கொதிக்கும்போது மூளைத்தண்டு வழியாக இன்னொரு நரம்புப் பாதையும் சேர்ந்து தூண்டப்படுகிறது. கண்ணீர்ச் சுரப்பி, மூக்கின் உட்சவ்வு எல்லாம் அந்தப் பாதையின் கையில். அதனால்தான் வலிக்கிற பக்கத்தில் மட்டும் கண்ணீரும் மூக்கடைப்பும். சரி, நரம்பை யார் கிளப்பிவிடுகிறார்கள்? ஆர்னே மே, பீட்டர் கோட்ஸ்பி குழுவினர் வலி வந்துகொண்டிருக்கும்போதே நோயாளிகளின் மூளையை, எந்த இடம் வேலை செய்கிறது என்று காட்டும் பிஇடி ஸ்கேன் செய்து 1998-இல் முடிவை வெளியிட்டார்கள். ஹைபோதலாமஸின் பின்பகுதி விழித்துக்கொண்டு வேலை செய்தது தெரிந்தது. தூக்கம், பசி, உடற்சூடு எல்லாவற்றுக்கும் நேரம் குறிக்கிற இடம் ஹைபோதலாமஸ். நம் உடலின் கடிகாரம் அங்கேதான் ஓடுகிறது.

வலி ஏன் மணி பார்த்து வருகிறது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான துப்பு இல்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2023-இல் வெளியான அலசலில், சுமார் 70 சதவீத கிளஸ்டர் நோயாளிகளுக்கு நாளின் குறிப்பிட்ட நேரத்தில் வலி வருவது தெரிந்தது. பெரும்பாலும் ராத்திரி 9 மணிக்கும் விடிகாலை 3 மணிக்கும் இடையில். வருடக் கணக்கில் பார்த்தால் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் கூடுகிறது.

புரட்டாசிக்கு இங்கே விடை கிடைக்கிறது என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டில் புரட்டாசி என்றால் பகல் குறைந்துகொண்டே வரும் காலம். தென்கோளத்தில் எல்லாம் தலைகீழ். டர்பனில் அது வசந்தம். ஜூனில் பத்து மணி நேரத்தைச் சற்றே தாண்டும் பகல், டிசம்பரில் பதினான்கு மணி நேரம் ஆகிறது. அதில் மிக வேகமாக நீள்வது செப்டம்பர் கடைசியில்தான், ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 2 நிமிடம். மாமாவின் கடிகாரம் தடுமாறுவது அந்த வாரங்களில் என்பது என் ஊகம். விரதத்தின் மேல் பழி போடுவது நியாயமே இல்லை. கொத்து நடக்கும் நாட்களில் மது ஒரு மடக்கு உள்ளே போனாலும் வலியைக் கிளப்பிவிடும். புரட்டாசியில் மாமா அதைத் தொடுவதில்லை. தீபாவளிக்கு இரண்டு கிளாஸ் போட்டுவிட்டு அன்று ராத்திரி பட்ட பாடுதான் எல்லாவற்றையும்விட மோசம்.

இப்போது வெளிச்சத்துக்கு வருவோம். விழித்திரையில் பார்ப்பதற்கான செல்கள் போக, வெளிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் கணக்கெடுக்கிற நரம்பு செல்கள் கொஞ்சம் உண்டு. அவை தாமாகவே ஒளியை உணரும் என்பது 2002-இல்தான் உறுதியானது. அவற்றில் இருக்கும் மெலனாப்சின் என்ற நிறமி, சுமார் 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளிக்குத்தான் அதிகமாகத் துள்ளும். இந்த செல்களிலிருந்து ஒரு கம்பி நேராக ஹைபோதலாமஸின் கடிகாரத்துக்குப் போகிறது. இன்னொன்று மூளையின் நடுவில் செய்திகளை வாங்கிக் கடத்தும் தலாமஸுக்குப் போய், அங்கே வலிச் செய்தி வந்து சேர்கிற அதே நரம்பு செல்களைத் தொடுகிறது. ராமி பர்ஸ்டீன் குழு 2010-இல் காட்டியது இதைத்தான். பார்வை ஏறக்குறைய முழுவதும் போயும் வெளிச்சத்தை உணர முடிந்தவர்களுக்கு, வெளிச்சம் பட்டால் மைக்ரேன் கூடியது. வெளிச்சத்தையே உணராதவர்களுக்குக் கூடவில்லை. உருவம் தெரியாத கண்ணுக்குள்ளும் வெளிச்சம் வலியாகப் போய்ச் சேர்கிறது!

ரோஜா நிறக் கண்ணாடி கைவைப்பது இந்தக் கம்பியில். எஃப்எல்-41 என்று அதற்குப் பெயர். டியூப்லைட் வெளிச்சம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்காக இங்கிலாந்தில் உருவான சாயம். 480 நானோமீட்டரை ஒட்டிய நீலத்தையும் நீலப்பச்சையையும் வடிகட்டிவிட்டு மற்றதைப் பெரும்பாலும் விட்டுவிடும். மைக்ரேன் உள்ள குழந்தைகள் நான்கு மாதம் அணிந்து பார்த்த சிறிய ஆய்வு ஒன்று 1991-இல் வந்தது. மாதத்துக்குச் சராசரியாக 6.2 தடவை வந்த தலைவலி 1.6-ஆகக் குறைந்தது.

நல்ல எண்தான். ஆனால் அது மைக்ரேன். கிளஸ்டரிலும் பலருக்கு வெளிச்சம் கூசும், அதுவும் பல சமயம் வலிக்கிற பக்கக் கண்ணில் மட்டும். அந்தக் கூச்சத்தைக் கண்ணாடி தணிக்கும் என்று எதிர்பார்ப்பதில் தப்பில்லை. வலியைத் தொடங்கிவைக்கிற கடிகாரத்தை அது நிறுத்தும் என்பது வேறு பேச்சு. ராத்திரி ஒன்றரை மணிக்கு, இருட்டறையில், கண்ணை மூடித் தூங்குகிறவருக்கு வருகிற வலியில் எந்த வெளிச்சத்தைக் கண்ணாடி தடுக்கப்போகிறது? சாயங்காலத்தில் நீல ஒளியைக் குறைத்தால் தூக்கத்துக்கான ஹார்மோனான மெலடோனின் சுரப்பு கெடாது, கிளஸ்டர்காரர்களுக்கு மெலடோனின் குறைவாகவே இருக்கிறது, ஆகவே அந்த வழியில் பலன் வரலாம் என்று வாதம் செய்யலாம். அழகான வாதம், அவ்வளவுதான். கிளஸ்டர் சிகிச்சைக்கான மருத்துவ வழிகாட்டுதல்களில் வண்ணக் கண்ணாடிக்கு இடமில்லை.

இன்னொரு ஏமாற்றும் உண்டு. மனிதர்கள் புது வைத்தியம் தேடிப் போவது கொத்தின் உச்சத்தில். உச்சத்துக்கு அப்புறம் அது தானாகவே இறங்கும். அந்த நேரத்தில் கையில் எது இருந்தாலும் பெயர் அதற்குத்தான்: கண்ணாடி, கஷாயம், பல் பிடுங்கல், கோயிலில் கட்டிய மஞ்சள் கயிறு. அதனால் மாமாவிடம் ஒரு நோட்டைக் கொடுத்துத் தேதி, நேரம், எத்தனை நிமிடம், கண்ணாடி போட்டதா இல்லையா என்று எழுதச் சொன்னேன். ஒரு கொத்தை வைத்து முடிவுகட்டவே கூடாது. அடுத்த புரட்டாசியோடு ஒப்பிட வேண்டும்.

வாங்குகிறவர்களுக்குக் கொஞ்சம் நடைமுறை. கறுப்புக் கண்ணாடி இதற்குப் பதிலாகாது. வீட்டுக்குள்ளும் அதையே மாட்டிக்கொண்டு திரிந்தால் கண் இருட்டுக்குப் பழகி, கழற்றியதும் சாதாரண வெளிச்சமே முன்னைவிடக் குத்தும். கம்ப்யூட்டருக்கு என்று விற்கிற நிறமில்லாத "நீலத் தடுப்பு" லென்ஸ் பெரும்பாலும் 450-க்குக் கீழே உள்ள ஊதா நீலத்தில் கொஞ்சத்தை எடுப்பதோடு சரி, 480-ஐத் தொடுவதில்லை. ராத்திரி கார் ஓட்டும்போது எந்தச் சாயக் கண்ணாடியும் வேண்டாம். லோட் ஷெட்டிங் என்கிற மின்வெட்டு நேரத்துக்கு என்று எல்லார் வீட்டிலும் வாங்கி வைத்த எல்இடி விளக்குகள் பல நீலம் தூக்கலான வெள்ளை. அதை மஞ்சள் ஒளிக்கு மாற்றுவது கண்ணாடியைவிட மலிவு. அப்புறம், கண் சிவந்து, வலித்து, வாந்தி வந்து, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தால் அது திடீர் கிளாக்கோமாவாக இருக்கலாம். கண்ணாடிக் கடைக்குப் போகிற நேரமில்லை அது, அன்றே ஆஸ்பத்திரி.

மருந்தே வேண்டாம் என்று அடம்பிடித்த மாமாவைக் கடைசியில் வழிக்குக் கொண்டுவந்தது ஆக்சிஜன். வலி தொடங்கியதும் நிமிடத்துக்கு 12 லிட்டர், சுத்த ஆக்சிஜன், முகத்தோடு ஒட்டிய முகமூடியில் 15 நிமிடம். 2009-இல் வெளியான ஆய்வில் 78 சதவீத வலிகளுக்கு இது 15 நிமிடத்தில் போதுமான நிவாரணம் தந்தது. வெறும் காற்றைச் சுவாசித்தபோது 20 சதவீதத்துக்குத்தான். அதுவும் டாக்டர் எழுதிக் கொடுக்கிற மருந்துதான், ஆனால் விழுங்க வேண்டியதில்லை என்பதால் மாமாவுக்கு மருந்தாகத் தெரியவில்லை.

போன புரட்டாசி நோட்டை நான் பார்த்தேன். ஒன்றரை மணி வலி, கண்ணாடி போட்ட வாரத்திலும் வந்திருக்கிறது, போடாத வாரத்திலும் வந்திருக்கிறது. பகலில் மட்டும், டியூப்லைட்டுக்குக் கீழே நிற்க முடிகிறது என்று ஓரத்தில் எழுதியிருந்தார். ரோஜாக் கண்ணாடி வழியாகப் பச்சை மிளகாய் பழுப்படித்துத் தெரிகிறதாம். வாடிய சரக்கு என்று நினைத்து ஒரு கூடையை ஒதுக்கிவைத்ததில் அத்தையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். சிலிண்டரைச் சாமி அறையை ஒட்டி வைத்திருந்தார்கள். காமாட்சி விளக்கு எரிகிற இடத்துக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் கூடாது என்று சொல்லிக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நகர்த்த வைத்தேன். சிகரெட்டையும் அப்படியே நகர்த்தச் சொன்னேன். அது மட்டும் இன்னும் சட்டைப்பையில்தான் இருக்கிறது.