யூரியா சிஸ்டத்தை ‘கட்’ பண்ணச் சொல்லாதீர்கள்

டீசல் வண்டிகளின் புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்களைச் சோதித்துச் சரிசெய்வதுதான் என் வேலை. சங்ககிரி, நாமக்கல் பக்கத்து பிஎஸ் 6 லாரிகள்தான், அதாவது 2020-இல் வந்த புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த லாரிகள்தான் அதிகம் வரும். இவற்றில் புகையைச் சுத்தம் செய்ய யூரியா கரைசலைப் பீய்ச்சும் ஓர் அமைப்பு இருக்கிறது, அதில் கோளாறு வந்தால் வண்டி பிக்கப்பைக் குறைத்துவிடும். வண்டி பட்டறைக்குள் வந்து நின்றதுமே பல ஓனர்கள் கேட்பது ஒன்றுதான்: “சார், இந்த யூரியா சிஸ்டத்தையே கட் பண்ணி விட்டுடலாமா?” புகையை அளக்கும் சென்சாருக்குப் பதிலாகப் பொய்க் கணக்குக் காட்டும் ஒரு சின்னப் பெட்டியை மாட்டிவிட்டால் போதும், செய்து தருகிற ஆட்களும் இருக்கிறார்கள். நான் செய்வதில்லை. கேட்பவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை, முழு லோடோடு மேட்டில் பிக்கப் இல்லாமல் நின்ற எரிச்சலில்தான் கேட்கிறார்கள் என்பதால் காரணத்தைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். சாதாரணமாக அது எதோடும் சேராது. ஆனால் டீசல் எரியும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் கடும் சூட்டில் அதுவும் ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடாக மாறுகிறது, தொழிலில் ‘நாக்ஸ்’ என்போம். எஞ்சின் நன்றாக, சூடாக எரிந்தால் கரும்புகை குறையும், நாக்ஸ் ஏறும். சூட்டைக் குறைத்தால் நாக்ஸ் இறங்கும், கரி கூடும், மைலேஜும் அடிபடும். அதனால்தான் எஞ்சினை நன்றாக எரியவிட்டு, வெளியே வரும் நாக்ஸை சைலன்சரில் வைத்து மடக்குகிறார்கள். யூரியா வாங்குவது தண்டச் செலவு என்பவர்கள், இதனால் அடிபடாமல் கிடைக்கும் மைலேஜையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மடக்குவது எப்படி என்றால், நீல மூடி டேங்கில் நாம் ஊற்றும் திரவத்தில் 32.5 சதவீதம் சுத்தமான யூரியா, மீதி தாது நீக்கிய தண்ணீர். அது புகைக்குழாயில் பீய்ச்சப்பட்டு, சூட்டில் உடைந்து அம்மோனியா ஆகிறது. வினையூக்கி பூசிய தேன்கூட்டுக் கட்டிக்குள் அந்த அம்மோனியாவும் நாக்ஸும் சேர்ந்து வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாறி வெளியேறுகின்றன. கனரக எஞ்சின் ஒரு கிலோவாட்-மணி வேலைக்கு பிஎஸ் 4-இல் 3.5 கிராம் நாக்ஸ் விடலாம் என்று இருந்தது, 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பிஎஸ் 6-இல் அது 0.46 கிராம். இவ்வளவு பெரிய இறக்கத்துக்கு முக்கியக் காரணம் அந்தத் தேன்கூடுதான். பொய்ப் பெட்டியை மாட்டியதும் யூரியா பீய்ச்சுவது நின்றுவிடும், தேன்கூடு சும்மா கிடக்கும், எஞ்சினில் உண்டாகும் நாக்ஸ் எல்லாம் அப்படியே தெருவுக்கு வரும்.

ஆனால் அது கண்ணுக்குத் தெரியாது. கரியை வேறு ஃபில்டர் பிடித்துக்கொள்வதால் சைலன்சர் முனை சுத்தமாகவே இருக்கும். நம் ஊரில் டீசல் வண்டிக்குப் புகைச் சான்று கொடுக்கும்போது பார்ப்பது புகையின் அடர்த்தியை மட்டும்தான், நாக்ஸை அளப்பதில்லை. ஆக, கட் பண்ணிய வண்டியும் சான்று வாங்கிவிடும். “பாருங்க சார், துளிகூடப் புகை இல்லையே” என்று ஓனர் மனதாரச் சொல்லும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும். நாக்ஸில் உள்ள நைட்ரஜன் டை ஆக்சைடு மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும், ஆஸ்துமாவைக் கிளறிவிடும், வெயிலில் ஓசோனையும் நுண்துகளையும் உண்டாக்கும், அவையும் நுரையீரலுக்குள் போகும். அதை முதலில் சுவாசிப்பவர்கள் லோடு ஏற்றுபவர்களும், டோல்கேட்டில் நிற்பவர்களும், வண்டிகள் ஓடிக்கொண்டே நிற்கும் யார்டில் கேபினுக்குள் படுத்துத் தூங்கும் உங்கள் டிரைவரும்தான். 2015-இல் ஃபோக்ஸ்வேகன் கார் கம்பெனி அமெரிக்காவில் மாட்டிக்கொண்டதும் இதே நாக்ஸ் விஷயத்தில்தான், சோதனையில் மட்டும் ஒழுங்காகவும் ரோட்டில் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும் மென்பொருளுக்காக.

சரி, வண்டி ஏன் இப்படி அடிக்கடி மக்கர் பண்ணுகிறது? நான் பார்த்தவரை பெரும்பாலும் திரவம்தான் காரணம். அண்மையில் ஒரு டிப்பர் வந்தது. புகைக்குழாயைக் கழற்றினால், பீய்ச்சும் நாசிலுக்கு எதிரே கைமுஷ்டி அளவுக்கு வெள்ளைக் கல் உறைந்து கிடந்தது, உளி வைத்துத் தட்டித்தான் எடுத்தோம். டேங்கில் இருந்த திரவத்தை ரிஃப்ராக்டோமீட்டர் என்ற செறிவு காட்டும் கருவியில் வைத்துப் பார்த்தால் செறிவு சரியாகவே காட்டியது. விசாரித்தபோது, வயலுக்குப் போடும் யூரியாவை போர் தண்ணீரில் கரைத்து ஊற்றியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. அந்தக் கருவி எவ்வளவு கரைந்திருக்கிறது என்றுதான் சொல்லும், கரைந்தது சுத்தமா என்று சொல்லாது. வயல் யூரியாவில் வேப்பெண்ணெய்ப் பூச்சு இருக்கிறது, பையூரெட் என்ற வேண்டாத கலப்பும் அதிகம், நம் போர் தண்ணீரில் சுண்ணாம்பும் உப்பும் தாராளம். நாசிலை அடைப்பதோடு விடாமல் தேன்கூட்டுக்குள்ளும் போய்ப் படியும். படிந்த உப்பால் செயலிழந்த வினையூக்கியைக் கழுவி மீட்டுவிடலாம் என்று நம்பாதீர்கள், பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டியிருக்கும். விவசாயிக்கு மானியத்தில் வரும் யூரியாவை இப்படித் திருப்புவது குற்றம் என்பது தனி.

நல்ல திரவம் வாங்கினாலும் அதைக் கொதிக்கிற தகரக் கொட்டகையில் அடுக்கி வைத்தால் பயனில்லை. 25 டிகிரியில் ஒன்றரை வருடம் தாங்கும் சரக்கு 35 டிகிரியில் ஆறு மாதம்தான் தாங்கும். நம் கோடைக்கு இது முக்கியம். டீசல் ஊற்றிய புனலை இதற்கு எடுக்கவே கூடாது, தனிப் புனல் வையுங்கள். அப்புறம் டிரைவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சாவியை அணைத்ததும் பேட்டரி மெயின் சுவிட்சை உடனே கட் பண்ணாதீர்கள். பல வண்டிகளில் பம்ப் அந்த நேரத்தில்தான் குழாயில் மிச்சமிருப்பதை டேங்குக்குத் திரும்ப இழுக்கிறது, ஓரிரு நிமிடம் கொடுங்கள். இல்லையென்றால் அது உள்ளேயே காய்ந்து உறைந்துவிடும். பொய்ப் பெட்டி மாட்டிய வண்டியிலும் இதே கதைதான், சும்மா கிடக்கும் பம்பும் குழாயும் உறைந்து, பின்னாளில் பழையபடி மாற்றலாம் என்று வரும்போது செலவு இரட்டிப்பாகும். வண்டி நகராமல் எஞ்சின் மட்டும் மணிக்கணக்கில் ஓடும் ஐட்லிங்கும் கெடுதல். 200 டிகிரிக்குக் கீழே புகை ஆறிவிட்டால் யூரியா ஒழுங்காக உடையாது.

நாக்ஸை அளக்கும் சென்சாரின் விலை சின்ன ஓனர்களை நோகடிக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. கம்பெனிகள் அந்த விலையைக் குறைத்தே ஆக வேண்டும். ஆனால் சென்சாரைக் குறிக்கும் எரர் கோட் (code) வந்த உடனே சென்சாரை மாற்றிவிடாதீர்கள். முதலில் திரவம், அப்புறம் நாசில், வயரிங், புகைக்குழாய் லீக் என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள். பாதி வண்டிகளில் சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது, அது சொல்வதும் உண்மையாகத்தான் இருக்கிறது. டீசல் 100 லிட்டருக்கு எத்தனை லிட்டர் யூரியா போகிறது என்று லாக் புத்தகத்தில் எழுதி வையுங்கள். எஞ்சினையும் லோடையும் பொறுத்து 3 முதல் 6 லிட்டர் வரை போகலாம். உங்கள் வண்டியின் வழக்கமான அளவு திடீரென்று பாதியானால் எங்கோ அடைக்கிறது என்று அர்த்தம். மீட்டரில் விளக்கு எரிந்து, பல எச்சரிக்கை கொடுத்த பிறகுதான் வண்டி பிக்கப்பைக் குறைக்கும். அந்த முதல் விளக்கிலேயே கொண்டுவந்தால், பல நேரம் நாசிலைக் கழற்றி வெந்நீரில் ஊறவைத்து மாட்டுவதோடு வேலை முடிந்துவிடும்.