ஸ்பீக்கர் பெட்டியில் கெப்பாசிட்டரை மாற்றியதும் "திரை விலகின மாதிரி" கேட்கிறதே, அது எதனால்?

இந்த மாதத்தில் என்னிடம் பழுதுபார்க்க வந்த மூன்றாவது ட்வீட்டர் (கீச்சு ஒலிகளைத் தரும் சிறிய ஸ்பீக்கர்) இது. திறந்தால் அதே கருகிய வாடை, காயில் கம்பி அறுந்து கிடக்கிறது. வீட்டிலேயே செய்த பெட்டி; மரவேலை அவ்வளவு நேர்த்தி. ஆனால் ஒலியைப் பிரித்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அனுப்பும் கிராஸ்ஓவரில், 4.7 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் கட்டைவிரல் தடிமனில் ஒரு 10. "பெருசா போட்டா சவுண்டு நல்லா வரும்னு சொன்னாங்க சார்." அப்படிச் சொன்னவர் ட்வீட்டர் வாங்கித் தர வரப்போவதில்லை.

8 ஓம் ட்வீட்டருக்குத் தொடராக 4.7 போட்டால் ஏறக்குறைய 4,200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி குறையத் தொடங்கும். 10 போட்டால் அந்த எல்லை 2,000-க்கு இறங்கிவிடும். ட்வீட்டருக்குப் போகக்கூடாத கீழ் ஒலிகளும் உள்ளே போகும்; மிச்சத்தை அந்தக் கருகிய காயிலே சொல்லும்.

இதைவிட எரிச்சல் தருவது இன்னொரு பேச்சு. "அதே 4.7தான் சார், விலை கூடின ஃபிலிம் கெப்பாசிட்டர். திரை விலகின மாதிரி இருக்கு!" சரி, கழற்றியதை மீட்டரில் வைத்துப் பார்த்தீர்களா? இல்லை. பழைய எலக்ட்ரோலைட்டிக் (உள்ளே ஈரமான வேதிக்கலவை இருக்கும் கெப்பாசிட்டர்) காய்ந்து 3.6 காட்டும், சிலது கூடுதலாகவும் காட்டும். புதியதிலேயே 10, 20 சதவீதம் முன்பின் இருக்கலாம். அதோடு உள்தடை வேறு. பழைய எலக்ட்ரோலைட்டிக்கில் அது ஒரு ஓமைக்கூடத் தாண்டும். நல்ல ஃபிலிமில் இல்லை என்றே சொல்லலாம். அந்த ஒரு ஓம் போனாலே 8 ஓம் ட்வீட்டர் கிட்டத்தட்ட 1 டெசிபெல் ஏறிப் பாடும். நீங்கள் கேட்டது அதைத்தான், மேலே அச்சடித்த பெயரை அல்ல. ஒருவருக்கு முன்னாலேயே அந்த ஃபிலிமோடு தொடராக ஒரு ஓம் ரெசிஸ்டரை வைத்துக் காட்டினேன். திரை மறுபடி மூடிக்கொண்டது, அவர் முகமும் சுருங்கிவிட்டது.

ஒன்றைக் கழற்றி, இன்னொன்றை சால்டர் வைத்து, அரை மணி கழித்துக் கேட்பது ஒப்பீடே இல்லை. அவ்வளவு நேரம் காது எதையும் பிடித்து வைத்திருக்காது. இரண்டையும் அளந்து, குறைவானதோடு இணையாகச் சிறிய ஒன்றைச் சேர்த்துச் சமப்படுத்துங்கள். ஒரே பெட்டியில் ஸ்விட்ச் வைத்து, வேறொருவரை மாற்றச் சொல்லுங்கள். எது ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியக்கூடாது. இப்படிக் கேட்டபோது இரண்டு நல்ல ஃபிலிம்களை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. தொழில்காரன் ஒப்புக்கொள்ளக் கூச்சமான விஷயம்தான்.

பழைய போர்டில் பிடுங்கிய, பிளஸ் மைனஸ் குறி போட்ட கெப்பாசிட்டர் வேண்டவே வேண்டாம். ஸ்பீக்கருக்குப் போவது ஏசி. அதில் அந்தக் கெப்பாசிட்டர் சூடேறி வீங்கும், வெடிக்கவும் செய்யும். பிளஸ் மைனஸ் இல்லாத நான்-போலார் கேட்டு வாங்குங்கள். அது கிடைக்காமல் பிளஸ் மைனஸ் உள்ள இரண்டை மைனஸோடு மைனஸாகத் தொடராக இணைத்தால் மதிப்பு பாதியாகிவிடும்: இரண்டு 10 சேர்ந்து 5தான். 8 ஓமில் 100 வாட் என்றாலும் உச்சம் 40 வோல்ட். 100 வோல்ட் கெப்பாசிட்டர் தாராளம், 630 வோல்ட் போட்டதால் பாட்டு கூடுதலாக இனித்துவிடாது. அளக்கும்போது கெப்பாசிட்டரின் ஒரு காலையாவது போர்டிலிருந்து கழற்றிவிடுங்கள். மாற்றினால் இரண்டு பெட்டியிலும் மாற்றுங்கள்.

அப்புறம், கழற்றிய பழையதைத் தயவுசெய்து குப்பையில் போடாதீர்கள். ஒரு கவரில் போட்டு ட்வீட்டரோடு கொண்டுவாருங்கள். அதன் மேலிருக்கும் எண் தெரியாமல் உங்கள் பெட்டியின் மூலக் கணக்கைத் தேடுவதிலேயே எனக்குப் பாதி நாள் போய்விடுகிறது.