பாராமெடிக் வகுப்புக்கு முன் ஓராண்டு ஆம்புலன்சில்

"அக்கா, இ.எம்.டி. தேர்வில் தேறிவிட்டேன். வரும் பருவத்திலேயே பாராமெடிக் படிப்பில் சேர்ந்துவிடட்டுமா?" நியூ ஜெர்சியில் எங்கள் பகுதித் தமிழ்ப் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இ.எம்.டி. என்றால் ஆம்புலன்சில் அடிப்படை அவசர உதவி செய்பவர்; பாராமெடிக் அதற்கு மேல்நிலை. பக்கத்தில் நிற்கும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ வேறு கவலை. இடையில் ஒரு வருடம் வேலைக்குப் போனால் படிப்பு விட்டுப்போய்விடாதா?

விட்டுப்போகாது. அந்த ஒரு வருடம்தான் படிப்பையே தாங்கி நிற்கும் என்று இத்தனை வருட வேலைக்குப் பிறகு உறுதியாக நம்புகிறேன்.

அமெரிக்காவில் இ.எம்.டி. பயிற்சி சுமார் 150 முதல் 190 மணி நேரம். ஆக்சிஜன் கொடுப்பது, இரத்தப்போக்கை நிறுத்துவது, எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவது, மார்பை அழுத்தி இதயத்துக்கு உயிர்கொடுப்பது எல்லாம் அதில் அடங்கும். பாராமெடிக் பயிற்சி 1,200 மணி நேரத்தைத் தாண்டும். இ.சி.ஜி.யைப் படிக்க வேண்டும், இரத்தக்குழாயில் மருந்து ஏற்ற வேண்டும், மூச்சுக்குழலில் குழாய் செலுத்த வேண்டும். எங்கள் மாநிலத்தில் பாராமெடிக்குகள் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள். இருவராகத் தனி வண்டியில் வருவார்கள். ஆம்புலன்சில் வருபவர்கள் இ.எம்.டி.க்கள். பல நேரங்களில் நோயாளியின் முகத்தை முதலில் பார்ப்பவர்களும் அவர்களே.

ஆம்பு பையை எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சு நின்றுபோகும் நிலையில் இருப்பவருக்குக் காற்றை அழுத்திக் கொடுக்கும் பை அது. பெரியவர்களுக்கு ஆறு விநாடிக்கு ஒரு முறை அழுத்தினால் போதும். வகுப்பில் பொம்மைக்கு நான் சரியாகத்தான் அழுத்தினேன். வேலையில் சேர்ந்த இரண்டாம் வாரம், அளவுக்கு மீறிய போதைமருந்தால் மூச்சு தேய்ந்துகொண்டிருந்த ஓர் இளைஞர் குளியலறைத் தரையில் கிடந்தார். வாசலில் அவர் தாய் அலறிக்கொண்டிருந்தார். என் கை விநாடிக்கு ஒரு தடவை அழுத்தியது. காற்று வயிற்றுக்குள் போய், வயிறு உப்பி, அவர் வாந்தி எடுத்தார். உடனே அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து வாயைச் சுத்தம் செய்த மூத்த இ.எம்.டி., பையை மறுபடி என் கையிலேயே கொடுத்து, காதருகே "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணத் தொடங்கினார். இன்றும் அந்தப் பையைத் தொட்டால் என் வாய் தானாக எண்ணுகிறது. இதை மருந்துகளும் இ.சி.ஜி.யும் தலையில் குவிந்திருக்கும் நாளில் கற்றுக்கொள்ள முடியாது.

911 என்ற அவசர எண்ணுக்கு வரும் அழைப்புகளில்தான் அனுபவம் கிடைக்கும், நோயாளிகளை இடம் மாற்றும் வண்டியில் எதுவும் கிடைக்காது என்று பலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எட்டு மாதம் டயாலிசிஸ் நோயாளிகளை அழைத்துப்போய், அழைத்துவந்தேன். அவர்களில் ஒரு முதியவரை வாரத்துக்கு மூன்று தடவை ஏற்றுவோம். நாற்காலியிலிருந்து தானே எழுந்துதான் ஸ்ட்ரெச்சருக்கு வருவார். கை கொடுத்தால் கோபம் வரும். பனிப்புயலால் ஒரு வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் தவறிப்போனது. திங்களன்று போனபோது அவரால் காலைத் தூக்க முடியவில்லை. கோபமும் படவில்லை. மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி நாற்பதுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். பாராமெடிக்குகளை அழைத்தோம். அவர்கள் எடுத்த இ.சி.ஜி.யில் அலைகள் அகன்று உருக்குலைந்திருந்தன. கால்சியம் ஏற்றிய சில நிமிடங்களில் அவை குறுகி ஒழுங்குக்கு வந்ததை அவர்கள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

அடுத்த ஆண்டு வகுப்பில், டயாலிசிஸ் தவறி இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் என்ன ஆகும் என்று ஆசிரியர் பலகையில் வரைந்தார். மற்றவர்கள் மனப்பாடம் செய்தார்கள். எனக்கு அந்த நாற்காலி தெரிந்தது.

ஆனால் ஒரு வருடம் கழிந்தால் மட்டும் அனுபவம் வந்துவிடாது. இரண்டு அழைப்புகளுக்கு நடுவே கைபேசியைப் பார்த்துக்கொண்டே ஆண்டைக் கடத்தியவர்களையும் அறிவேன். நோயாளியை மருத்துவமனையில் ஒப்படைத்த பிறகு பாராமெடிக்கிடம் போய், "ஏன் அந்த மருந்தைக் கொடுத்தீர்கள்?" என்று கேளுங்கள். நல்லவர்கள் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். பெயர், முகவரி எதுவும் இல்லாமல், பார்த்ததை மட்டும் ஒரு சிறு நோட்டில் எழுதி வையுங்கள். நாடி பார்க்கும் கருவியை மாட்டும் முன் விரலால் தொட்டுப் பாருங்கள். தோல் குளிர்ந்திருக்கிறதா, வியர்த்திருக்கிறதா என்பது விரலுக்குத்தான் தெரியும். அதே நேரம் ஐந்தாறு வருடம் தள்ளிப்போடவும் வேண்டாம். தவறான பழக்கங்களும் கையில் ஊறிவிடும், படிக்கும் பழக்கமும் விட்டுப்போகும்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் இன்னொன்று சொல்ல வேண்டும். மகன் வீட்டுக்கு ஊரிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, அறுபத்தைந்து வயது இருக்கும், சர்க்கரை நோய் உண்டு. "வாயுதான் கண்ணு, ஓமத்தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும்" என்றார். மகன் அதை அப்படியே ஆங்கிலத்தில் எங்களிடம் சொன்னார். சர்க்கரை நோயுள்ள பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலே வரக்கூடும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கு வந்தது புத்தகம் இல்லை. மார்கழிக் குளிரில் அவர் சேலைத் தலைப்பால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்தக் கையைத்தான் பார்த்தேன். பாராமெடிக்குகள் வரும்வரை அவரை எழுந்து நடக்க விடவில்லை. அவர்கள் இ.சி.ஜி. எடுத்தார்கள், மாரடைப்புதான். அப்போது நான் இ.எம்.டி.யாகப் பதினோராவது மாதத்தில் இருந்தேன்.