இணைநோய்: ஆளுமைக் கோளாற்றோடு சேர்ந்து வருபவை

2020 கொரோனா காலத்தில்தான் ‘இணைநோய்’ வீடுவீடாகத் தெரிந்த சொல்லானது. சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர்களைப் பற்றி அரசு அறிக்கைகள் அப்படித்தான் குறித்தன. ‘கோமார்பிடிட்டி’க்கு அதுவே நல்ல தமிழ். லத்தீனில் ‘மோர்பஸ்’ என்றால் நோய், ‘கோ’ என்றால் கூட. 1970இல் இதைக் கலைச்சொல்லாக்கியவர் அமெரிக்க மருத்துவர் ஆல்வன் ஃபைன்ஸ்டைன். ‘துணைநோய்’ என்றால் ஒன்று பெரிது, மற்றது சிறிது என்றாகிவிடும். மனநோயில் எது முன்னே நிற்கிறது என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

ஆளுமைக் கோளாறு என்பது ‘பர்சனாலிட்டி டிஸார்டர்’: எண்ணம், உணர்ச்சி, உறவு இவற்றில் இளவயதிலிருந்தே நீடித்து, வாழ்க்கையைக் குலைக்கும் போக்கு. ‘பர்சனாலிட்டி’ வந்தது நாடக முகமூடியைக் குறித்த லத்தீன் ‘பெர்சோனா’விலிருந்து. நம் ‘ஆளுமை’க்கு வேர் ‘ஆள்’ என்ற வினை. ‘ஆளுமைச் சிதைவு’ என்று எழுத வேண்டாம். மனச்சிதைவு என்பது ஸ்கிசோஃப்ரினியாவுக்கு நிலைத்துவிட்ட பெயர், இரண்டும் குழம்பும். ‘ஆளுமைக் கோளாறு’ போதும். நெல்லைப் பேச்சில் இரண்டுக்கும் ‘கோட்டி’தான், அதாவது பைத்தியம். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்தே பலர் ஆஸ்பத்திரிப் படி ஏறுவதில்லை.

‘அவ சுபாவமே அப்படித்தான், தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்பார்கள். இந்த நோயில் அது பொய். அமெரிக்காவின் மக்லீன் மருத்துவமனையில் ஆய்வாளர் மேரி ஸனரினி குழுவினர் எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு (‘பார்டர்லைன்’, உணர்ச்சியும் உறவும் நிலையின்றிக் கொந்தளிக்கும் வகை) உள்ள 290 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். 10 ஆண்டுகளில் 93 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் குறைந்து, குறைந்தது இரண்டு ஆண்டு அப்படியே நின்றன. ஆனால் வேலை, உறவு இரண்டும் சேர்ந்து சீரானது பாதிப் பேருக்குத்தான். அதனால் தமிழிலும் இரண்டு சொல் வேண்டும்: அறிகுறி அடங்குவது ‘தணிவு’, வாழ்க்கை சீராவது ‘மீட்சி’. கையைக் கீறிக்கொள்வது போன்றவை முதலில் அடங்கும். உள்ளே வெறுமை, விட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம், இவை நெடுநாள் நிற்கும்.

தணிவைத் தள்ளிப்போடுவதில் முக்கியமானது இணைநோய், அதிலும் குடியும் போதையும். மனச்சோர்வுக்கு மட்டும் மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்து, அடியில் இருக்கும் கோளாற்றுக்குப் பேச்சுச் சிகிச்சை தராமல் விட்டால் சோர்வும் முழுதாக விலகாது. எல்லைக்கோட்டுக் கோளாற்றுக்கென்றே ஏற்பளிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினெஹன் வகுத்த டி.பி.டி. (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) என்ற பேச்சுச் சிகிச்சை முறைக்குத்தான் ஆய்வு ஆதாரம் அதிகம். தூக்க மாத்திரையை மாதக்கணக்கில் தொடர்ந்தால் அதுவே இன்னொரு இணைநோய் ஆகிவிடும்.

பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கோ வேறு மனநல மருத்துவரிடமோ போகும்போது, சின்ன வயதிலிருந்தே கூட இருந்து பார்த்த ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். இந்தச் சுபாவம் எந்த வயதில் தொடங்கியது, சோர்வு இல்லாத மாதங்களிலும் இருந்ததா, குடி எவ்வளவு, இந்த மூன்றையும் சொல்ல வேண்டும். கடும் சோர்விலோ குடியிலோ இருக்கும்போது ஒரே சந்திப்பில் ஆளுமைக் கோளாறு என்று முத்திரை குத்துவது சரியல்ல. பழைய மருந்துச் சீட்டுகள் எல்லாமே வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் முறைநாளுக்குக் காத்திருக்காதீர்கள்: நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிடுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.