செருகியபடியே இருக்கும் பேக்கப் டிஸ்க்

கணினிப் பழுதுநீக்கம் என் தொழில். அண்மையில் ஒருவர் தம் கணினியோடு, அதில் எந்நேரமும் செருகியே வைத்திருந்த வெளிப்புற ஹார்டு டிஸ்கையும் எடுத்து வந்தார். புகைப்படம் எதுவும் திறக்கவில்லை என்றார். கோப்புகளின் பெயர்களுக்குப் பின்னால் பொருளற்ற எழுத்துகள் வாலாக ஒட்டியிருந்தன. டெஸ்க்டாப்பில் பணம் கேட்கும் குறிப்பு ஒன்று கிடந்தது. ரான்சம்வேர்தான்: கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் தீய மென்பொருள். "அதுதான் பேக்கப் இருக்கிறதே" என்று அவர் நீட்டிய டிஸ்கைச் சோதித்தபோது, அதிலும் அதே வால் முளைத்த பெயர்களே வரிசையாக இருந்தன.

ரான்சம்வேர் உள்ளே நுழைந்ததும், அந்த நேரத்தில் தன்னால் எழுத முடிகிற டிரைவ்களையெல்லாம் தேடிப் பூட்டிவிடும். செருகியிருக்கும் டிஸ்க் அதன் கண்ணுக்கு இன்னொரு டிரைவ், அவ்வளவே. கிளவுடில் தானாக ஒத்திசையும் கோப்புறையிலும் பூட்டிய கோப்பே பழையதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பதால், முந்தைய பதிப்புகளைச் சேமித்து வைக்கும் வசதி உங்கள் சேவையில் உண்டா, எத்தனை நாளுக்கு உண்டு என்று இன்றே பார்த்துவிடுங்கள். டிஸ்கைப் பொறுத்தவரை, நகலெடுத்ததும் கழற்றி வைப்பதே பேக்கப். அவருக்கு மிஞ்சியவை, மேசை இழுப்பறையில் போட்டு மறந்திருந்த ஒரு பென் டிரைவில் இருந்த படங்கள் மட்டுமே. பூட்டப்பட்ட கோப்புகளை அழித்துவிட வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து காவல்துறையும் வேறு சிலரோடு சேர்ந்து 2016-இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் சில வகை ரான்சம்வேர்களுக்கு இலவசத் திறப்பு மென்பொருள் கிடைக்கிறது.

நுழைந்த வழி, மின்னஞ்சலில் வந்த ஒரு 'பில்'. விண்டோஸ் வழக்கமாகக் கோப்பு வகையைக் காட்டும் கடைசி எழுத்துகளை மறைத்துவிடுவதால், பி.டி.எஃப் என்று முடிவதாகத் தோன்றிய அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த, திறந்ததும் இயங்கும் மென்பொருளைக் குறிக்கும் இ.எக்ஸ்.இ அவர் கண்ணில் படவில்லை. ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ பகுதியில் அந்த மறைப்பை நீக்க அரை நிமிடம்கூட ஆகாது.

அப்டேட்டைத் தள்ளிப்போடுவோருக்கு ஒரு செய்தி: 2017 மே 12 அன்று உலகெங்கும் கணினிகளை முடக்கிய வான்னாகிரை என்ற ரான்சம்வேர் நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. ஆன்ட்டி வைரஸைப் பற்றித்தான் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். விண்டோஸுடன் வரும் டிஃபெண்டரே பெரும்பாலான வீடுகளுக்குப் போதும் என்பது என் கருத்து.

பூட்டாமல் ஓசையின்றித் திருடும் மென்பொருள்களே இப்போது எனக்குக் கூடுதல் கவலை. திருட்டுத்தனமாகக் கிடைக்கும் விளையாட்டு, கட்டண மென்பொருளைக் காசில்லாமல் ஓட்ட உதவும் 'கிராக்' போன்றவற்றோடு வந்து, பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களையும், நாம் ஏற்கெனவே உள்நுழைந்திருப்பதற்குச் சான்றான குக்கிகளையும் அள்ளிச் செல்கின்றன. அந்தக் குக்கி கைக்கு வந்துவிட்டால், திருடியவரிடம் பல தளங்கள் ஓ.டி.பி.கூடக் கேட்பதில்லை. அப்படி நேர்ந்ததாக ஐயம் எழுந்தால், முதலில் மின்னஞ்சல் கணக்கைக் கவனியுங்கள். மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்புகள் அங்குதான் வந்து சேர்கின்றன. எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதியைப் பயன்படுத்திவிட்டுக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். இதையெல்லாம் வேறொரு சாதனத்திலிருந்து செய்ய வேண்டும்; பாதிக்கப்பட்ட கணினியிலேயே மாற்றினால், புதிய கடவுச்சொல்லும் அவர்களிடமே போய்விடும்.