ஆள் இல்லாத எண்ணில் ஆயிரம் பீடி

முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடிக்கடைக் கணக்கு தெரிந்ததுதான். கடையில் இலையும் தூளும் வாங்கிவந்து, வீட்டில் சுற்றிக் கட்டுக்கட்டிக் கொடுத்தால் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. இதைக் கணினியில் ஏற்ற இரண்டு அட்டவணைகள் வேண்டும். ‘தொழிலாளர்’ அட்டவணையில் ஆளுக்கொரு எண், பெயர், ஊர். ‘வரவு’ அட்டவணையில் தேதி, எத்தனை பீடி, கொடுத்தவரின் எண். அங்கே பெயரை எழுதுவதில்லை. ஒரே தெருவில் நாலு இசக்கியம்மாள் இருப்பார்கள்.

417 என்று அடிக்க வேண்டியதை 471 என்று அடித்துவிட்டால்? 471 என்று ஆளே இல்லை. ஆனாலும் வரவு ஏறிவிடும். மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும்; சுற்றியவருக்கு மட்டும் கூலி வராது.

இதற்கான காவல்தான் ஃபாரின் கீ. ஐபிஎம் கணினி நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்த எட்கர் காட் 1970இல் எழுதிய கட்டுரையிலேயே இது உண்டு. வரவில் வரும் எண் தொழிலாளர் அட்டவணையில் இருந்தே தீர வேண்டும் என்று ஒருமுறை சொல்லிவைத்தால், ஒவ்வொரு வரியையும், அட்டவணைகளை வைத்திருக்கும் மென்பொருளான டேட்டாபேஸே சரிபார்க்கும். எண் இல்லாவிட்டால் ஏற்காது. (471 என்று நிஜமாகவே ஒருவர் இருந்தால் இந்தக் காவல் உதவாது, அது வேறு கதை.)

புரோகிராமிலேயே பார்த்துக்கொண்டால் போதாதா? போதாது. ‘ஆள் இருக்கிறார்’ என்று புரோகிராம் பார்த்த பிறகு, வரவை எழுதுவதற்குள் இன்னொரு கணினியிலிருந்து யாராவது அந்த ஆளை நீக்கிவிடலாம். ஃபாரின் கீ இருந்தால், எழுதி முடியும்வரை டேட்டாபேஸ் அந்த ஆளின் வரியைப் பூட்டிவைக்கும். நீக்க வந்தவர் காத்திருக்கத்தான் வேண்டும்.

சரி, வேலையை விட்டுப்போனவரை நீக்கும்போது அவருடைய பழைய வரவுகள் என்ன ஆகும்? அதை நாம்தான் சொல்ல வேண்டும். ‘ரெஸ்ட்ரிக்ட்’ என்றால் வரவு இருக்கும்வரை ஆளை நீக்க விடாது. ‘செட் நல்’ என்றால் வரவு நிற்கும், எண் வெறுமையாகும். ‘கேஸ்கேட்’ என்றால் ஆளோடு அத்தனை வரவும் போய்விடும். கூலிக் கணக்கில் கேஸ்கேட் வைப்பது அடாவடி என்பேன். பி.எஃப். கேட்டு அவர் வந்து நின்றால் எதைக் காட்டுவது? அங்கே ரெஸ்ட்ரிக்ட்தான் சரி. ‘விலகியவர்’ என்று ஒரு குறி போட்டால் ஆயிற்று.

இன்னொன்று: எண்ணையே போடாமல் வெறுமையாக விட்டால் ஃபாரின் கீ கேள்வி கேட்காது. அந்த இடத்துக்கு ‘நாட் நல்’, அதாவது வெறுமையாக விடக் கூடாது என்ற விதியைத் தனியாகப் போட வேண்டும். எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸில் ஃபாரின் கீ காவல் பொதுவாக அணைந்தே இருக்கும். புரோகிராம் டேட்டாபேஸோடு இணையும் ஒவ்வொரு முறையும் அதை இயக்க வேண்டும். இயக்கினாலும் முன்பே புகுந்த தப்பு வரிகளை அது தானாகத் தேடாது. அவற்றைப் பட்டியலிட அதில் தனிக் கட்டளை இருக்கிறது.